நண்டு ரோட்டில் இரண்டு மணி நேரம்

கம்போங், கிறிஸ்துமஸ் தீவு
6 பிப்ரவரி 1997

அன்புத் தங்கை ரொஹாயாவுக்கு அண்ணன் மொக்தார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்னும் மூன்று நாளில் பெருநாள். சின்னவர்கள் பெரியவர்களின் கையைப் பிடித்து, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சுக்கங்க" என்று கேட்பது நம் வழக்கம். இந்த வருடம் தலைகீழாக இருக்கட்டும். மூத்தவன் கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

மூன்று தடவை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். எனக்கு எழுத்து வராது என்று உனக்கே தெரியும். வேலை பார்க்கிற நேஷனல் பார்க் ஆபீஸில் தினமும் எழுதுகிற குறிப்பே "மழை, நண்டு, மரம் விழுந்தது" என்பதோடு சரி.

வாப்பா மௌத்தாகி எண்பது நாள் ஆகப்போகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் கம்போங் முழுதும் வந்திருந்தது, மகள் மட்டும் இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "அவளுக்கு லீவு கிடைக்கல" என்று ஸல்மியா சமாளித்தாள். உன் அண்ணி இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று பதினைந்து வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாது.

தீவில் ஒரு நல்ல சேதி. நோன்பு தொடங்கிய வாரம் குட்டி நண்டுகள் கடலிலிருந்து ஏறி வந்தன. நாலு வருடமாக ஒன்றுகூட வரவில்லை. முட்டை போட்டதெல்லாம் மீன் வாய்க்கும் சுறா வாய்க்கும் போய்விட்டது. இந்த முறை படகுத்துறைச் சுவர், பள்ளிவாசல் படி, ஸல்மியா காயப்போட்ட துணி, எல்லாம் சிவப்பு. விரல் நகத்தைவிடச் சின்னது ஒவ்வொன்றும். நவம்பரில் நீயும் நானும் ரோட்டில் ஒதுக்கிவிட்டோமே, அந்த நண்டுகளின் பிள்ளைகள். எனக்கு உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

பதில் போடு. திட்டியாவது போடு.

அண்ணன்
மொக்தார்


கட்டானிங், மேற்கு ஆஸ்திரேலியா
2 ஜூன் 1997

திரு. மொக்தார் அவர்களுக்கு,

உங்கள் பெருநாள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத அவசியம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் அஸ்மி. கொக்கோஸ் தீவுக் குடும்பம். இங்கே என்னோடு ஆட்டிறைச்சிக் கூடத்தில் வேலை செய்கிறார். அக்டோபர் 4, சனிக்கிழமை நிக்காஹ். வாப்பா இல்லாத பெண்ணுக்கு வலிகாரராக நின்று கட்டிக்கொடுக்க வேண்டியவர் அண்ணன்தான் என்று இமாம் சொல்கிறார். வேறு வழி உண்டா என்று மூன்று தடவை கேட்டேன். உயிரோடு அண்ணன் இருக்கும்போது வழி இல்லையாம்.

ஆனால் நீங்கள் நேரில் வரத் தேவையில்லை. பொறுப்பை இமாமிடம் ஒப்படைப்பதாக ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். ஜூலைக்குள் வேண்டும்.

அண்ணிக்கு என் சலாம். நண்டுக்குட்டிச் செய்தி இனி வேண்டாம்.

ரொஹாயா


கம்போங்
20 ஜூன் 1997

அன்புத் தங்கைக்கு,

அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். முப்பது வயதாகிவிட்டதே என்று வாப்பா ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்ட துஆ. "திரு"வைப் பார்த்து ஸல்மியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க தங்கச்சி உங்களுக்குப் பிரமோஷன் குடுத்துட்டா" என்கிறாள்.

தாள் அனுப்பமாட்டேன். நானே வருகிறேன்.

கோபப்படாதே, கேள். உம்மா போனபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. வாப்பா சுரங்கத்தில் இரவு வேலை. உன்னைக் குளிப்பாட்டி, சடை பின்னி, பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப்போனவன் நான். சடை கோணலாக இருக்கிறது என்று நீ வழியெல்லாம் அழுவாய். அந்தக் கையால் உன்னைக் கட்டிக்கொடுக்காமல் ஒரு காகிதத்தை அனுப்பினால் எனக்கு என்ன மரியாதை?

அஸ்மி தொழுவாரா? முன்கோபம் உண்டா? நாள் முழுதும் ஆடு அறுக்கிற மனிதர், வீட்டில் எப்படி? எழுது.

இங்கே காய்ச்சல் காலம் மாதிரி எல்லாம் சோர்ந்து கிடக்கிறது. மழை இல்லை. நண்டெல்லாம் வளைக்குள் போய் வளை வாசலை இலையால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. (நண்டுக்குட்டி வேண்டாம் என்றுதானே சொன்னாய், இது பெரிய நண்டு.) மேற்கே ஒரு பக்கம் மஞ்சள் எறும்பு பெருகிவிட்டது. அது ஏறின இடத்தில் ஒரு நண்டுகூட மிச்சமில்லை. நண்டு தின்னாததால் சருகு முழங்கால்வரை கிடக்கிறது. காட்டுக்குள் நடந்தால் சத்தமே இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் உயரமான மரத்துக் கூட்டிலிருந்து ஓர் அபட் பறவைக் குஞ்சு விழுந்துவிட்டது. உனக்குத் தெரியும், அந்தச் சாதி தரையில் விழுந்தால் தானாக எழும்பிப் பறக்காது. ஒரு வருடத்துக்கு மேல் கையால் ஊட்டி வளர்க்கவேண்டும். அதற்கு நான்தான் ஆயா. காலையும் மாலையும் மீன் கொடுக்கிறேன், நன்றியில்லாமல் கையைக் கொத்துகிறது. உன் ஞாபகம்தான் வருகிறது.

அக்டோபரில் வருகிறேன் என்று இமாமிடம் சொல்லிவிடு.

அண்ணன்


கட்டானிங்
8 ஜூலை 1997

மொக்தார்,

நான் தாள்தான் கேட்டேன். பறவைக்கதை கேட்கவில்லை. சடை பின்னிய கணக்கைக் கேட்கவில்லை. ஆறு வயதில் தூக்கிச் சுமந்தவர் என்பதால் முப்பது வயதில் செய்ததை மறந்துவிட முடியுமா?

மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. வாப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்று நீதான் போன் செய்தாய். ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ், பிறகு பெர்த்தில் விமானம். நாலு மணிக்குத் தீவில் இறங்கினேன். ரோடு முழுதும் நண்டு முட்டை போடக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி போகக்கூடாது என்று குறுக்கே தடுப்பு. தடுப்புக்குக் காவல் நீ. ஏர்போர்ட் வாசலில் பார்க் ஜீப் நின்றது. ரேடியோவில் உன் அதிகாரி பேசியதை இந்தக் காதால் கேட்டேன்.

"மொக்தார், நாலு பேரை அனுப்புறேன். முன்னால ஒதுக்கிக்கிட்டே போகட்டும், நீ ஜீப்பை மெதுவா ஓட்டு. அரைமணி நேரத்துல தங்கச்சியக் கொண்டுபோய்ச் சேர்த்துடலாம்."

நீ என்ன சொன்னாய்? "வேண்டாம் சார். நாங்க நடந்தே வந்துடுறோம்." அதுதானே?

நானும் ஒரு பைத்தியம். "வாப்பா எப்டியிருக்கார்" என்று கேட்டேன். "உனக்காகக் காத்துக்கிட்டிருக்கார்" என்றாய். சரி, அவசரமில்லை போல என்று நம்பினேன். என் கையில் ஒரு குப்பைவாரியைக் கொடுத்தாய். ஆறு கிலோமீட்டர். நண்டை ஒதுக்கி ஒதுக்கி, பேசிப் பேசி, சிரித்துச் சிரித்து நடந்தோம். சாப்பாடு கட்டிக்கொண்டு பீச்சுக்குப் போகிறவர்கள் மாதிரி!

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் பெக் ஹூன் நின்றாள். "இப்பத்தான்" என்றாள். இப்பத்தான், மொக்தார்! ஜீப்பில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அஸ்மியைப் பற்றி முதலில் வாப்பாவிடம்தான் சொல்லவேண்டும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் வந்தேன். போர்த்திய முகத்திடம் என்னத்தைச் சொல்வது?

"உனக்கு நண்டு பெரிசா, வாப்பா பெரிசா?" என்று அன்றைக்கு உன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் பதில் இல்லை. அந்த நண்டு போட்ட குட்டிகளைப் பற்றி எனக்கே எழுதுகிறாய்! கல் மனசு உனக்கு.

என் கல்யாணத்தில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாப்பாவின் மூடிய முகம்தான் தெரியும். தாளை அனுப்பு. அந்த ஒரு நன்மையையாவது செய்.

ரொஹாயா


கம்போங்
24 ஜூலை 1997

ரொஹாயா,

தாள் இதற்குள் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து நம் பள்ளிவாசல் பிலாலுடையதும் அவர் தம்பியுடையதும். எழுத்துப் பிழை இருந்தால் இமாமைத் திருத்திக்கொள்ளச் சொல். நான் வரவில்லை.

நீ எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. ஜீப் நின்றது. அதிகாரி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஜனவரியில் பார்க் ஆபீஸில் ஒரு சின்னக் கூட்டம் வைத்து எனக்குக் கண்ணாடி போட்ட பாராட்டுத்தாள் கொடுத்தார்கள். "தன் தந்தை உயிருக்குப் போராடும்போதும் ஒரு நண்டைக்கூட நசுக்க விடாத ஊழியர்" என்று அதிகாரி பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பிச் செருகிவிட்டேன்.

கம்போங்கில் வேறு மாதிரி. ஜும்மா முடிந்து செருப்பைத் தேடும்போது யாராவது ஒருவன், "மொக்தார், உன் சொந்தக்காரங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க, போய் வழி விடு" என்பான். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

கத்திக் கூர் உள்ள இடத்தில் வேலை, கையைப் பார்த்துக்கொள். அஸ்மிக்கு என் சலாம். அவரிடம் சொல், உனக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டாய், கேட்கக்கூடாது, தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடவேண்டும். பத்து நிமிஷத்தில் தட்டு காலியாகும்.

உன் வாழ்வு நன்றாக இருக்கட்டும்.

மொக்தார்


கட்டானிங்
19 ஆகஸ்ட் 1997

அண்ணே,

எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை கல்யாணத் துணி எடுக்க அஸ்மியின் அக்காவோடு பெர்த்துக்குப் போனேன். கடையில் ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். பெக் ஹூன். டிசம்பரிலேயே தீவை விட்டு வந்துவிட்டாளாம், இப்போது பெர்த்தில் முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணம் என்றதும் கட்டிப்பிடித்தாள். பிறகு, "அண்ணன் வர்றாருல்ல?" என்றாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். "அவரு முகத்துல முழிக்கவே பிடிக்கல" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவரு உன்கிட்ட இன்னும் சொல்லவேயில்லையா?" என்றாள்.

"என்னத்தை?"

"உங்கப்பா மூணு பத்துக்கே போயிட்டார், ரொஹாயா. நான்தான் ரேடியோவுல உங்கண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். உன் பிளேனு அப்போ இறங்கக்கூட இல்ல. 'என் தங்கச்சி வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க சிஸ்டர், அவ கேட்டா இப்பத்தான்னு சொல்லுங்க'ன்னு கெஞ்சினார். என் உத்தியோகத்துல நான் சொன்ன ஒரே பொய் அது."

துணிக்கடையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அஸ்மியின் அக்கா தண்ணீர் வாங்க ஓடினாள்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. வாப்பாவின் கை ஜில்லென்று இருந்தது. ஏசி அறை, அதனால்தான் என்று நினைத்தேன். எனக்கே தெரியவேண்டாமா? தினமும் இறைச்சியோடு நிற்கிறவள்.

அண்ணே, ஜீப்பில் போயிருந்தாலும் வாப்பா இல்லை. பறந்து போயிருந்தாலும் இல்லை. அப்படியென்றால் எதற்காக என்னை நடக்கவைத்தாய்? எதற்காக ஒன்பது மாதம் என் வாயால் இத்தனை வசவு வாங்கினாய்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்குக் கோபமா அழுகையா என்றே தெரியவில்லை. எழுது. ஒன்றையும் மறைக்காமல் எழுது.

ரொஹாயா


கம்போங்
2 செப்டம்பர் 1997

என் ரொஹாயாவுக்கு,

பெக் ஹூனுக்கு வாய் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒன்பது மாதம் தாங்கியதே அதிசயம்.

சரி. ஒளிக்க இனி என்ன இருக்கிறது.

மூன்று பத்துக்கு நான் ஏர்போர்ட் தடுப்பருகே நின்றேன். காலையில் மழை பெய்திருந்தது, மத்தியான வெயிலுக்குப் பதுங்கிய நண்டெல்லாம் அப்போதுதான் சருகுக்குள்ளிருந்து எழும்பத் தொடங்கியிருந்தன. காடே சரசரவென்று சத்தம். அந்தச் சத்தத்தில் பெக் ஹூன் சொன்னது முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவைத்தேன் அந்தப் பாவப்பட்டவளை.

விமானத்திலிருந்து இறங்கியதும் உன்னிடம் சொல்லத்தான் நின்றேன். அல்லாஹ்வின் மேல் ஆணை. நீ ஓடிவந்து, "வாப்பா எப்டியிருக்கார்?" என்றாய். உன் முகத்தில் தூக்கமில்லை, தலைமுடி கலைந்து, ஆனால் கண்ணில் ஒரு நம்பிக்கை. "உனக்காகக் காத்துக்கிட்டிருக்கார்" என்று வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. அதே நேரம் ரேடியோவில் அதிகாரி ஜீப்பில் போ என்றார். ஜீப்பில் ஏறினால் அரைமணி நேரத்தில் உனக்கு வாப்பா இல்லை. நடந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் இருப்பார். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. நண்டு எனக்கு ஒரு சாக்கு. இருபது வருடத்தில் அதுகளுக்கு நான் செய்த ஒரே துரோகம், என் பொய்யை அதுகள் முதுகில் ஏற்றியது.

முதல் திருப்பத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அங்கே ஒரு பெரிய தென்னை நண்டு நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் நீ வாப்பாவின் பல்செட் கதையை எடுத்தாய். தொழுகைக்கு உளூச் செய்யக் கழற்றிப் பாறையில் வைத்ததை அந்தச் சாதி நண்டு தூக்கிக்கொண்டு ஓட, வாப்பா பாதி முகம் கழுவியபடி பின்னால் ஓடி, அந்த வெள்ளிக்கிழமை முழுதும் "ஸ"வெல்லாம் காற்றாகப் போனதே. நீ அதே மாதிரி பேசிக் காட்டினாய். சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். நண்டெல்லாம் உன் பையின் மேல் ஏறிப் போயின. எப்படிச் சொல்வேன்?

இரண்டாவது, கல்லுடைத்த பள்ளத்துத் திருப்பம். "அண்ணே, வாப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். உனக்கு அப்புறம்தான், அவருக்குத்தான் முதல்ல" என்றாய். வெட்கப்பட்டாய். மாப்பிள்ளை விஷயம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. குனிந்து நண்டை ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். ஒதுக்கத் தேவையில்லாத இடத்திலும் ஒதுக்கினேன்.

கடைசித் திருப்பத்தில் கீழே கடல் தெரிந்தது. நெஞ்சில் சிவப்புப் பை உள்ள கடற்பறவைகள் கூட்டமாக வட்டம் போட்டன, தங்க நிறப் போசன் பறவை ஒன்று வாலை நீட்டிக்கொண்டு நம் தலைக்கு மேலே போனது. நீ நின்று பார்த்து, "எப்பா, இதை விட்டுட்டுப் போய் நான் ஆட்டுக்கால் அடுக்கிக்கிட்டு இருக்கேனே" என்றாய். அங்கே சொல்லியிருக்கவேண்டும். அங்கேயும் விட்டுவிட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் நீ என் சட்டையைப் பிடித்தாய். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் உன் கோபம் அடங்கியிருக்கும். ஆனால் நீ யார் என்று எனக்குத் தெரியாதா? "மையத்து அங்க கிடக்கும்போது நான் பல்லைக் காட்டிச் சிரிச்சேனே" என்று ஆயுசுக்கும் உன்னையே தின்றுகொண்டிருப்பாய். அண்ணனைத் திட்டுவது உனக்கு அதைவிட லேசு. சின்ன வயதிலிருந்தே பழக்கம்தானே. திட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவெடுத்தது தப்பு. வாப்பா உனக்கும் வாப்பாதான். அந்த நேரத்தில் நீ யாசீன் ஓதவேண்டியவள், உன்னைக் கதை பேசவைத்தேன். அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


கட்டானிங்
13 செப்டம்பர் 1997

அண்ணே,

படித்தேன். வேலைக்குப் போகவில்லை. மறுபடி படித்தேன்.

தப்புத்தான். நீயே ஒத்துக்கொண்டாய், நானும் விடப்போவதில்லை. இரண்டு மணி நேரம் நான் ஒரு முட்டாளாக நடந்தேன். அழவேண்டிய நேரத்தில் என்னை அழவிடாமல் செய்தாய். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? முப்பது வயதுப் பெண், தனியாக வந்து குளிரில் பிழைக்கிறவள். என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோயிருப்பேன் என்று உனக்கு யார் சொன்னது? உடைந்துதான் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் உன்னிடம் நேரில் கத்தவேண்டும். காகிதத்தில் கத்தினால் மனசு ஆறவில்லை.

முந்தாநாள் அஸ்மியின் அக்கா வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அஸ்மி தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனார். நீ சொல்லிக்கொடுத்த வித்தை. பிறகு உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ரெண்டு மணி நேரம் உங்கண்ணன் யாருகிட்ட அழுதார்?"

அண்ணே, எனக்கு அது தோன்றவேயில்லை. ஒன்பது மாதமாக ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கு நீ இரண்டு மணி நேரம் வாப்பாவை நீட்டிக் கொடுத்தாய். உனக்கு யார் கொடுத்தது? நான் பல்செட் கதை சொல்லிச் சிரித்தபோது நீயும் சிரித்தாயே. வாப்பா போய்விட்டார் என்று தெரிந்துகொண்டே சிரித்தாயே. அந்த ரோட்டில் நீ தனியாக நடந்திருக்கிறாய், பக்கத்தில் நான் இருந்தும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உன் சட்டையைப் பிடித்துக் கல் மனசு என்றேன். நாலு நாள் வீட்டில் இருந்தும் உன் பக்கம் திரும்பாமல் பிளேன் ஏறினேன். என்னை நீ மன்னிக்கவேண்டும். பெருநாள் வரை காத்திருக்க முடியாது, இப்போதே கேட்கிறேன்.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். இமாமிடம், "எங்கண்ணன் வர்றார், அவர்தான் கட்டிக்குடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவை மாற்றிப் பேசுகிறாளே என்று அவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

நீ வராவிட்டால் நிக்காஹ் இல்லை. இது மிரட்டல்தான். உன் பறவைக்கு வேறு ஆயா பார். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா, ரெண்டாங் கறி கிளற இங்கே யாருக்கும் கை வரவில்லை. கம்பளி எடுத்துக்கொள், செப்டம்பர் முடிந்தும் இங்கே குளிர் விடாது.

உன் தங்கை
ரொஹாயா


கம்போங்
22 செப்டம்பர் 1997

ரொஹாயா,

வருகிறேன். அடுத்த செவ்வாய் விமானத்தில் நானும் ஸல்மியாவும். பெர்த்திலிருந்து பஸ். அஸ்மியை பஸ் நிலையத்துக்கு வரச் சொல், நீ வரவேண்டாம், கல்யாணப் பெண் ரோட்டில் நிற்கக்கூடாது என்கிறாள் உன் அண்ணி. பறவையை ஆபீஸில் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டேன். அவனையும் முதல் நாளே கொத்திவிட்டது, எனக்குக் கொஞ்சம் திருப்தி.

ஸல்மியா மூன்று பை சம்பல் கட்டியிருக்கிறாள். கஸ்டம்ஸ்காரன் பிடித்தால் நான் பொறுப்பில்லை.

அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். பாராட்டுத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "மொக்தார், எங்கப்பா சாகும்போது நான் மூவாயிரம் மைல் தள்ளியிருந்தேன். நீ அதை வீட்டுலயே வையி" என்றார். வைத்துக்கொண்டேன்.

அஸ்மி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் இல்லையா? யாரிடமும் இல்லை. அன்று உனக்காக அடக்கினேன். பிறகு ஜனாஸா, குழி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. அப்புறம் நீ பேசாமல் போனாய், அந்தக் கவலை. அழுவதற்கு உட்கார்ந்தால் வரவில்லை. இன்றுவரை வாப்பாவுக்காக நான் அழவே இல்லை, ரொஹாயா. என்ன மகன் நான் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அக்டோபர் நாலாம் தேதி இமாம் முன்னால் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, வாப்பா சொல்லவேண்டிய வார்த்தையை நான் சொல்வேன். அப்போது எனக்குக் குரல் நின்றுவிட்டால் நீ பயப்படாதே. என்னைச் சமாதானப்படுத்தவும் யாரையும் அனுப்பாதே. தங்கையைக் கட்டிக்கொடுக்கிற அண்ணன் எவ்வளவு நேரம் அழுதாலும் சபையில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அண்ணன்